ஊருக்கெல்லாம் ஒரே கார்பன்

கள்ளக்குறிச்சிக்கு வடமேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது வடக்கனந்தல். ஒருபுறம் கோமுகி அணை, கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு, நெல், மரவள்ளி. வீட்டு உபயோகப் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலை எதுவும் இந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் பத்து, பன்னிரண்டு வயது கடந்த மிக்ஸியும் கிரைண்டரும் டேபிள் ஃபேனும் இங்குள்ள வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட வைப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தொழிலே இல்லை. கரும்பு வெட்டப் போகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத்துச் சத்துணவு அக்கா என்று தெருவுக்கு ஒருவராவது ஸ்க்ரூடிரைவரும் டெஸ்டரும் வைத்திருக்கிறார். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் பொருள் அவர் திண்ணைக்குப் போகிறது. இந்த அரைக் கைத்தொழிலைக் கவனிக்கத்தான் நான் வந்தேன். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: ஒன்று வறுமை, மற்றொன்று நம்மவர்களுக்குக் கைவேலை பிறவியிலேயே வரும் என்கிற பெருமை. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. வறுமை இதைவிடக் கடுமையாக இருந்த காலத்தில், ரிப்பேர் ஆன வால்வு ரேடியோவை யாரும் திண்ணையில் பிரித்துப் போட்டுச் சரிசெய்துவிடவில்லை. கைத்திறன் பிறவிக்குணம் என்றால், அதே கை இன்றைய செல்போனின் முன்னால் ஏன் தயங்குகிறது? என் கணிப்பு வேறு. ஒரு பொருள் அமெச்சூர் கையில் பிழைப்பது, அதே பொருள் ஊரில் ஏராளமாக இருக்கும்போதுதான். இந்த ஊரில் அப்படி இருப்பதற்குக் காரணம், அரசாங்கம் தனக்கே தெரியாமல் செய்த ஒரு காரியம்.

2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று அடுத்து வந்த அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தையும், மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கியது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கோடிக் குடும்பங்களை எட்டின. ஓட்டுக்கா, நலனுக்கா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை; அது இங்கே நமக்கு வேண்டாம். கவனிக்க வேண்டியது டெண்டரின் விளைவு. சப்ளை செய்த கம்பெனிகள் பல. ஆனால் மோட்டாரின் திறன், ஜாரின் அளவு, கிரைண்டரின் கொள்ளளவு எல்லாம் அரசு விதித்த ஒரே விவரக்குறிப்பின்படி. தெருவில் பத்து வீட்டுக்கு ஒரே நாளில் இறங்கிய சரக்கு பெரும்பாலும் ஒரே மாதிரி. கடைவீதியில் அவரவர் விருப்பப்படி வாங்கியிருந்தால் பத்து வீட்டில் ஏழு மாடல் இருந்திருக்கும். எலக்ட்ரிகல் கடைக்காரர் எந்தக் கப்ளரை வாங்கி வைப்பார்? ஒரே மாதிரிப் பொருள் ஆயிரம் வீட்டில் இருந்தால், அதன் உதிரியை அட்டை அட்டையாக வாங்கித் தொங்கவிட அவருக்குத் தயக்கம் இல்லை. உதிரி கைக்கெட்டும் தூரத்தில் தொங்குவதால்தான் வீட்டுக்காரர் மிக்ஸியைத் திருப்பிப் போட்டுப் பிரிக்கிறார். ஒரு வீட்டில் மோட்டார் எரிந்துபோன மிக்ஸியின் ஜாரும் மூடியும் சுவிட்சும் பக்கத்து வீட்டு மிக்ஸிக்குப் பொருந்துகின்றன. பழைய இரும்புக்குப் போக வேண்டியது இப்படித் தெருவுக்கே உதிரிக் கிடங்காகிவிடுகிறது.

அந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் எவ்வளவு எளியது, எங்கே நுணுக்கமானது என்பது புரியும். மிக்ஸி ஓடவில்லை என்றால் முதலில் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குகிறார்கள்; அது ஓவர்லோடு சுவிட்ச். பாரம் தாங்காமல் மோட்டார் சூடானால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும். அப்படியும் ஓடாவிட்டால் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் மோட்டாரின் இருபுறமும் இரண்டு கூடுகள். உள்ளே ஸ்பிரிங் வைத்த கார்பன். சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரண்டைக் கொண்டுபோவது அதுதான். உரசி உரசித் தேயத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அது குட்டையாகிவிட்டால் பெரிய பெரிய நெருப்புப்பொறி பறக்கும், வேகம் குறையும், கடைசியில் நிற்கும். புதுக் கார்பனைப் போட்டு, ஆர்மேச்சரின் செம்புப் பட்டையை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் வேலை முடிந்தது. மேலே இருக்கும் கப்ளர் இன்னும் சுவாரஸ்யம். பிளேடு எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பினால்தான் அது கழலும். அரைக்கும்போது ஜாரின் எதிர்ப்பு அதை மேலும் மேலும் இறுக்கும்படி மரை வெட்டியிருக்கிறார்கள்; அதனால்தான் கழற்றும் திசை மாறுகிறது. இதை அறியாமல் எதிர்ப்பக்கம் முறுக்குகிறவர் பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டு, இலவச மிக்ஸி இப்படித்தான் என்று சலித்துக்கொள்வார். கப்ளரின் பல் மழுங்குவதும் குறைபாடு என்று சொல்ல முடியாது. ஜாரில் கல்லோ கட்டி மஞ்சளோ சிக்கினால் முதலில் போக வேண்டியது அதுதான். சில்லறை விலைக் கப்ளர் போனால் மோட்டார் தப்பிக்கும்.

அமெச்சூரின் எல்லை வைண்டிங்கில் முடிகிறது. எரிந்த மோட்டாரைக் காயில் கட்டுவது தனித் தொழில். மிக்ஸியைவிட விவசாய மோட்டார்களை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் அது நடக்கிறது. கருகிய கம்பியை வெட்டி எடுக்கும்போதே ஒவ்வொரு காடியிலும் எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார் வைண்டர். காடிக்குள் இன்சுலேஷன் காகிதம் திணித்து, புதுக் கம்பியை அச்சில் சுற்றி இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்கிறார். சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகும், கூடினால் இழுவை குறையும். கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும், கரும்பும் நெல்லும் தண்ணீர் கேட்கிற நேரத்தில்தான் எரியும்; அந்தச் சமயம் இரவு பகலாக வேலை இருக்கும். வீட்டிலேயே கார்பன் மாற்றிக்கொண்டால் இவர் பிழைப்பு போகாதா என்று ஒரு கேள்வி உண்டு. நான் பார்த்த அளவில் கதை தலைகீழ். கார்பன் மாற்றத் தெரிந்தவர்தான், வைண்டிங் போயிருக்கிறது என்பதையும் கண்டுபிடித்து வைண்டரிடம் கொண்டுவருகிறார். பிரிக்கவே தெரியாதவர் பழைய மிக்ஸியை எக்ஸ்சேஞ்ச் ஆஃபருக்குத் தூக்கிப் போகிறார். வைண்டருக்கு அந்த வேலை வருவதே இல்லை. உதிரி விற்கும் கடையும் இருவரையும் நம்பித்தான் நிற்கிறது.

வண்டிகளில் இதே விதியைப் பார்க்கலாம். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ம் அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளும் இந்தக் கிராமங்களில் பால் கேனும் உர மூட்டையும் புல்லுக்கட்டும் சுமக்கின்றன. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் பிளக்கைக் கழற்றித் துடைக்க, கார்புரேட்டர் ஜெட்டை ஊதிவிட, கிளட்ச் ஒயர் மாற்ற ஒரு விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போகும் பழைய மகேந்திரா ஜீப்பின் டீசல் என்ஜினும் அப்படித்தான். அதில் கம்ப்யூட்டர் கிடையாது, அழுத்தத்தோடு டீசலைத் தெளிக்கும் பம்பும் நாசிலும்தான். கார்களில் மாருதி 800 நல்ல உதாரணம். 1983-இல் வந்து 2014-இல் நின்றுபோன அந்தக் காரின் 796 சிசி என்ஜின் ஆம்னியிலும் இருந்தது. அதனால்தான் அந்தக் கார் நின்று பத்தாண்டு கழித்தும் அதன் உதிரிக்குப் பஞ்சமில்லை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்காக எக்ஸ்எல் வண்டியும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. இரண்டும் வேண்டியவை, அவற்றை எதிர்ப்பது சரியாகாது. ஆனால் சென்சார் கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். அது யாருக்குக் கிடைக்கும் என்பதைக் கம்பெனி தீர்மானிக்கிறது. அங்கேதான் திண்ணைக் கை நிற்கிறது. நிற்க வைப்பது தொழில்நுட்பமா, விவரத்தைப் பூட்டி வைக்கும் வியாபாரமா என்பதற்குச் சட்டம் ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

மடிக்கணினி இந்தக் கதையின் நடுவில் நிற்கிறது. அரசு கொடுத்த ஆரம்பகால லேப்டாப்களில் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க்கும் ராமும் கைக்கு வரும். பாட்டரி தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்றுவிடும். கல்லூரிக்குப் போகிற ஒரு பிள்ளை, பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கூட்டி, அக்கா வாங்கிய லேப்டாப்பைத் தன் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போக முடிகிறது. ஒரே மாடல் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொடுக்கப்பட்டதால் உடைந்த ஒன்றின் கீபோர்டும் திரையும் மற்றொன்றுக்கு உயிர் தருகின்றன. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசசர்களை ஏற்பதில்லை. கருவி நன்றாகவே இருக்கிறது, மென்பொருள்தான் அதைக் கிழவனாக்குகிறது. லினக்ஸ் போட்டால் ஓடும். திட்டத்தின் தொடக்கத்தில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். சொல்லித்தர ஆளில்லாததால் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தது குறைவு. திருகு கழற்றத் தெரிந்த தெருவில் லினக்ஸ் போடத் தெரிந்தவர் இல்லை என்பதை நான் ஒரு பெரிய ஓட்டையாகவே பார்க்கிறேன்.

எதிர்வாதங்களில் வலுவானது மின்சாரம் பற்றியது. பழசை ஓட்டுவது சிக்கனம் போலத் தெரிந்தாலும் கரண்ட் பில்லில் போய்விடுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவுதான். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் வித்தியாசம். அந்த ஃபேனின் வைண்டிங் எரிந்துவிட்டால் திரும்பக் காயில் கட்டாமல் புதிது வாங்குங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் 550 வாட் மிக்ஸி ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஓடினால் வருஷம் முழுக்க 33 யூனிட்தான். அதில் எந்தப் புதுத் தொழில்நுட்பமும் பெரிதாக மிச்சப்படுத்திவிட முடியாது. ஆக, எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிடலாம் என்பதை ஓடும் மணிநேரம் தீர்மானிக்கட்டும், வயது தீர்மானிக்க வேண்டாம். ஒன்றிய அரசு மட்டும் வண்டிகளுக்கு வயதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. 15 வருஷம் ஆன காரின் மறுபதிவுக் கட்டணம் 2022-இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் விதி வந்தது. ஒழுங்காகப் பராமரித்து மாதத்துக்கு நான்கு நாள் ஓடும் கிழட்டுக் காரும், தினமும் புகை கக்கும் வண்டியும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இன்னொரு எதிர்வாதத்தை நான் பாதி ஏற்கிறேன்: உயிருக்கு ஆபத்து. 230 வோல்ட்டோடு விளையாடக் கூடாது என்பது சரி. ஆனால் கண்ணில் பட்ட பெரிய ஆபத்து பிரிப்பதில் இல்லை, திரும்பப் பூட்டுவதில் இருக்கிறது. மூன்று முள் பிளக் உடைந்தால் இரண்டு முள் பிளக்கைப் போட்டு, பச்சை ஒயரை வெட்டி மடக்கிவிடுகிறார்கள். ஈரக் கையோடு மாவு தள்ளும் கிரைண்டரில் எர்த் இல்லாமல் போவது விபரீதம். பழைய பிக்சர் டியூப் டிவியைத் திறப்பதும் கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஆனால் இதற்குத் தடை போட்டுப் பயனில்லை. எப்படியும் பிரிக்கத்தான் போகிறார்கள், எது கூடாது என்று தெரிந்து பிரிக்கட்டும். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கி, 2015-இல் பெங்களூருக்கும் வந்த ரிப்பேர் கஃபேக்களில் பொருளின் சொந்தக்காரரும் தெரிந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பிரிக்கிறார்கள். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் மாணவர்களை வைத்துப் பேரூராட்சிச் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது.

2022-இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அதில் கம்பெனிகள் தாமாகத் தரும் விவரமே உண்டு, கட்டாயம் இல்லை. கட்டாயப்படுத்தும் கை மாநில அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதன் பெயர் டெண்டர். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? பாட்டரியைச் சாதாரணத் திருகால் கழற்ற முடிய வேண்டும், ராமைப் பலகையோடு பற்றவைக்கக் கூடாது, பத்து வருஷத்துக்கு உதிரி கிடைக்க வேண்டும், பிரிக்கும் முறையைத் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று அடுத்த டெண்டரில் நான்கு வரி சேருங்கள். தொகுதிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் உறுப்பினருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.