இரண்டு நிமிடமும் எங்கள் ஆச்சியும்

‘இரண்டே நிமிடம்’ என்ற சொல்லை நம்பி அடுப்படிக்குள் நுழைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தண்ணீர் கொதிக்கவே ஐந்து நிமிடம் ஆகிவிடுகிறது. அதற்குள் தம்பி கரண்டியைப் பிடுங்குவான். தங்கை மசாலாப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பாதியைத் தரையில் கொட்டுவாள். ஆகமொத்தம் கால் மணி நேரம். இருந்தாலும் நூடுல்ஸ் என்றால் எங்கள் மூவருக்கும் உயிர். பத்தாம் வகுப்பில் ஒருத்தி, எட்டாம் வகுப்பில் ஒருத்தி, நான்காம் வகுப்பில் தம்பி. இதை எழுதுவது மூத்தவளின் கை என்றாலும், சொல்வது மூவரும்தான்.

இந்தியாவில் மேகி நூடுல்ஸ் விற்பனைக்கு வந்தது 1983ஆம் ஆண்டில். எங்கள் அம்மா பிறந்ததும் அதே ஆண்டுதான். அம்மா சிறுமியாக இருந்தபோது அதை வாங்கித் தரும்படி கேட்டார்களாம். ஆச்சி, “ஏட்டி, இடியாப்பத்தைக் காயப் போட்டு விக்கான். அதை நம்ம துட்டுக் குடுத்து வாங்கணுமாக்கும்?” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்களாம். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஆச்சியின் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது.

ஆனால் அது காயப் போட்டதன்று, பொரித்தது. ஜப்பான் நாட்டில் ஒசாகாவுக்கு அருகே இகேடா என்னும் ஊரில் மோமோஃபுக்கு ஆண்டோ என்பவர் இருந்தார். அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் நொடித்துப்போனதால், வீட்டைத் தவிர எல்லாவற்றையும் இழந்திருந்தார். வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, எளிதில் கெடாத, வெந்நீர் ஊற்றியதும் உண்ணத்தக்க நூடுல்ஸ் செய்ய நாள்தோறும் முயன்றார். அவர் மனைவி ஒருநாள் தெம்புரா பொரித்துக்கொண்டிருந்தாராம். அது நம் பஜ்ஜியைப் போன்ற பலகாரம். சூடான எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதையும், அந்த இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாவதையும் அவர் கவனித்தார். நூடுல்ஸையும் அப்படிப் பொரித்தெடுத்தால், பிறகு கொதிநீர் அத்துளைகளின் வழியே விரைவாக உட்புகுந்துவிடும். 1958 ஆகஸ்டு 25ஆம் நாள் அது விற்பனைக்கு வந்தபோது அவருக்கு வயது 48. இதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினோம். “அப்போ அவன் பொண்டாட்டிதானட்டி கண்டுபிடிச்சிருக்கா!” என்றார்கள்.

சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் அம்மா தலைசுற்றி அடுப்படியிலேயே விழுந்துவிட்டார்கள். இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. ஆறு நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அப்பா அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் நாங்களும் ஆச்சியும்தான். ஆச்சிக்கோ கண்புரை அறுவை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, புகைப் பக்கம் போகக் கூடாது. பகலில் அடுத்த வீட்டு அத்தை சோறு கொடுத்தார்கள். இரவுக்கு எங்களுக்குத் தெரிந்த சமையல் நூடுல்ஸ் ஒன்றே. நான்கு இரவுகள் அதையே உண்டோம். ஐந்தாம் இரவு தம்பி தட்டைத் தள்ளிவிட்டு, “அம்மா வந்தாத்தான் சாப்பிடுவேன்” என்று அழ ஆரம்பித்தான். பெரியவர்கள் இருவரும் அவனுக்குத் தெரியாமல் கொல்லைப் பக்கம் போய் அழுதோம்.

திரும்பி வந்து பார்த்தால், ஆச்சி கறுப்புக் கண்ணாடியுடன் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! “இடியாப்பம் மீந்தா என்ன செய்வோம்? தாளிப்போம்லா. அதே மாதிரி இதையும் தாளி” என்று கட்டளை பிறந்தது. நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் இறக்கி, வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் அலசினோம். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டாதாம். சென்னாக்குன்னி ஒரு கைப்பிடியை முறத்தில் புடைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்தோம். பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, எல்லாவற்றையும் சேர்த்துப் புரட்டித் தேங்காய்த் துருவல் தூவினோம். ஆச்சி மணத்தை வைத்தே, “வெங்காயம் சிவக்குது, இறக்கு” என்றார்கள். தம்பி இரண்டு தட்டு உண்டான். சொன்ன சொல்லை மறந்தே போனான்!

அதுமுதல் எங்கள் வீட்டில் நூடுல்ஸ் பல வேடம் பூண்டது. மீந்த மிளகு ரசத்தில் வேகவைத்தால் சளி பிடித்த நாளுக்கு ஏற்றது. கொதிக்கும்போது நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடிவைப்பது தங்கையின் முறை. ஆண்டோ முதலில் செய்த அந்த நூடுல்ஸ் இப்போது முட்டை ஊற்றுவதற்கென்றே நடுவில் குழியுடன் வருகிறது. தம்பியின் முறை, வேகவைக்காமலே நொறுக்கி, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பொரிபோல் தின்பது. அதைச் சமையல் என்று ஒப்புக்கொள்ள எங்களுக்கு மனமில்லை.

அம்மா வீடு திரும்பினார்கள். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஆரவாரமாக உண்ணும்போது, அம்மா தனியே ஓர் ஓரத்தில் கஞ்சி குடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒருநாள், “எனக்கும் ஒரு வாய் தாங்களேன்” என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் அறிவியல் சிஸ்டர் வகுப்பில் ஒரு கணக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஆகவே அம்மாவின் பங்குக்கு மசாலாவும் கிடையாது, சென்னாக்குன்னியும் கிடையாது என்று முடிவு செய்தோம். கட்டியிலும் உப்பு உண்டாகையால் வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டோம். முதல் முறை செய்தது வைக்கோல்போல் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உண்டுவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்கள். இரண்டாம் முறை பூண்டும் தக்காளியும் வதக்கிச் சேர்த்தோம். மூன்றாம் முறை மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்துப் போட்டு, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தோம். அம்மா தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டார்கள். சட்டியில் இருந்தது எங்கள் பங்கு. அதையும் போட்டுவிட்டோம். டாக்டர் எப்போதாவது ஒருமுறைதான் என்று சொல்லியிருப்பதால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை அது அம்மாவின் நாள்.

மீந்த மசாலாப் பொட்டலங்களை எறிய ஆச்சிக்கு மனம் வருவதில்லை. “துட்டுக் குடுத்து வாங்கினதுலா” என்று ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைக்கிறார்கள். சென்ற ஞாயிறன்று எண்ணியபோது 11 இருந்தன. திங்களன்று 9. தம்பியிடம் விசாரித்தோம். தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். அவன் நாக்கு மஞ்சளாக இருந்தது.