மூன்று பிரேக்டவுன்கள்

போன மாதம் ஒரு நாள் மாலை, நான் ஏறிய பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பிரேக்டவுன் சார், எல்லாரும் இறங்குங்க" என்றார். ஒருவரும் பஸ்ஸைக் கோபித்துக்கொள்ளவில்லை. "பாவம், எத்தனை ஜனத்தைத்தான் இழுக்கும்!" என்று ஒரு பாட்டி பரிந்துகூடப் பேசினாள்.

வீட்டுக்கு வந்தால், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது. என் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து விசித்து விசித்து அழுதுகொண்டிருந்தாள்.

"அரை லிட்டர் பாலுக்கா இவ்வளவு அழுகை?" என்றேன். பஸ்ஸுக்குக் கிடைத்த அனுதாபம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இரவு மனசு கேட்காமல் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். வினைச்சொல்லானால் 'பிரேக் டவுன்' என்று பிரித்தும், பெயர்ச்சொல்லானால் சேர்த்தும் எழுத வேண்டும். இயந்திரம் நின்றுபோவது முதல் பொருள். துக்கம் தாங்காமல் மனிதர் உடைந்து அழுவதற்கும் அதே சொல். அகராதி இரண்டுக்கும் ஒரே மரியாதை தருகிறது, நான்தான் தரவில்லை!

மூன்றாவது பொருளும் உண்டு. மொத்தத்தை இனவாரியாகப் பிரித்துக் காட்டுவதும் பிரேக்டவுன்தான். "மொத்தம் தெரிகிறது சார், பிரேக்டவுன் எங்கே?" என்று எங்கள் ஆபீஸ் கணக்கர் கேட்பாரே, அது! இந்தப் பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

'நெர்வஸ் பிரேக்டவுன்' என்று ஊரார் சொன்னாலும், இன்றைய மருத்துவத்தில் அப்படி ஒரு நோய்ப் பெயர் இல்லை. மனச்சோர்வா, பதற்றமா, வேறு ஏதாவதா என்று டாக்டர்கள் பிரித்துப் பார்த்த பிறகே சிகிச்சை. ஆக, இரண்டாவது பிரேக்டவுனுக்கு மருந்து மூன்றாவது பிரேக்டவுன்!

மறுநாள் காலை காப்பியை நானே போட்டேன். "நேற்று என்னென்ன நடந்தது? ஒவ்வொன்றாகச் சொல்லு" என்றேன்.

4.30 மணிக்கு எழுந்தது, தண்ணீர் பிடித்தது, என் அப்பாவுக்கு மருந்து கொடுத்தது, பையனைப் பள்ளிக்கு அனுப்பியது... விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். 14-வதாக, ஊரிலிருந்து அவள் அம்மாவின் போன். கண் ஆபரேஷனாம். "நீ வர முடியுமா, அம்மா?" என்று கேட்டிருக்கிறார். "இங்கே யார் பார்த்துப்பா? முடியாதம்மா" என்று இவள் போனை வைத்திருக்கிறாள்.

பால் 15-வது இனம்!

அன்று மாலையே அவளை ரயிலேற்றி அனுப்பினேன். அப்பாவும் பையனும் என் பொறுப்பு. அந்த ஒரு வாரத்தில் எனக்கு எத்தனை பிரேக்டவுன் என்று மட்டும் கேட்காதீர்கள்!