கேமரா கண்டதும் நீதிமன்றம் கேட்பதும்

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மீறி மணந்ததற்காகப் பொறியியல் மாணவர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்பதே அன்று எங்கள் ஊர்த் தேநீர்க்கடைப் பேச்சு.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுள் தண்டனையாக்கியது. சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. அரிவாள் ஏந்திய கை பதிவில் இருக்கிறது. அதை ஏவியவர் உண்டா என்பதை வேறு சாட்சியங்களில்தான் தேட வேண்டியிருந்தது.

சரியாக இருபத்திரண்டு நாள் கழித்து, ஜூலை 14 அன்று, மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2014இல் கட்டாயம் என்றதும் அதே நீதிமன்றம், 2018இல் தளர்த்தியதும் அதே நீதிமன்றம்! சான்றிதழுக்குப் பதில் பொறுப்பாளரின் வாய்மொழிச் சாட்சியம் போதும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பும் அத்துடன் செல்லாததாயிற்று.

பவர்டேபிள் கணக்கு எழுதும் எங்களுக்கு இதில் என்ன கவலை? ஆர்டர், சாயத்தின் ஷேடுக்கு ஒப்புதல், பீஸ் ரேட், 'அடுத்த வாரம் பணம் போட்டுவிடுகிறேன்' என்ற வாக்கு யாவும் வாட்ஸ்அப்பில்தான். பழைய டெலிவரி சலானிலாவது ஒரு கையெழுத்து இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவோ சான்றிதழை இரு பகுதியாக்கிவிட்டது. ஒன்றில் கருவியின் பொறுப்பாளரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பதிவின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பதிவு திருத்தப்படவில்லை என்று காட்ட அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து மெஷின் வைத்துக் கூலிக்குத் தைப்பவர், முப்பதாயிரம் ரூபாய் பாக்கிக்காக நிபுணரை எங்கே தேடுவார்?

மூலக் கருவியையே கொணர்ந்து உரியவர் கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் வேண்டாம் என்றும் அந்த 2020 தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. வழக்கு முடியும்வரை செல்போன் உயிரோடிருக்க வேண்டுமே! அதனால் இப்போது மாதக் கடைசியில், வாட்ஸ்அப் கணக்கைத் தாளில் எழுதி, கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்கிறோம். சிலர் போடுகிறார்கள். சிலர், "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டு, அடுத்த ஆர்டரை வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.