நிறத்தை எங்கே நிறுத்துவது

ஈரல், சிறுநீரகம் என்று நன்றாகப் பழகிய கைகூட மூளைத் திசுவிடம் வந்ததும் தடுமாறும். திசுவியல் ஆய்வகத்தில் பல வருஷமாக ஸ்லைடு போடுகிறவன் நான். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதைத் தவறாமல் பார்க்கிறேன். மூளையில் கொழுப்பு அதிகம். உள்ளே தாங்கிப் பிடிக்கிற நார்த்திசு மிகக் குறைவு. மேசையில் வைத்தால் தன் எடையிலேயே தட்டையாகிவிடும். அதனால்தான் முழு மூளையை ஃபார்மலினில் போடும்போது, அடிப்பக்கம் ஓடும் பேசிலார் தமனிக்கு அடியில் நூலைக் கொடுத்து, வாளியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். எந்தப் பக்கமும் வாளியில் இடிக்கக் கூடாது. இரண்டு வாரமாவது ஊற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஓரம் கெட்டியாகவும் நடுப்பகுதி சிவப்பாகவும் கொழகொழவென்றும் இருக்கும். அந்த பிளாக்கிலிருந்து ஒழுங்கான செக்‌ஷன் வராது.

இன்னொன்று. ஃபார்மலின் ஏறுவதற்கு முன் திசுவை விரலால் அழுத்தினால், அந்த இடத்து நரம்புச் செல்கள் சுருங்கிக் கருத்துப்போகும். ஸ்லைடில் பார்க்கிறவர் அதை நோய் என்று எண்ணிவிட இடமுண்டு. மூளையில் முதல் பாடம் கையை அடக்குவதுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் யாரையும் முதலில் மூளையில் கைவைக்க விடமாட்டார். தண்டுவடத்தைத்தான் கொடுப்பார். குறுக்கே ஒரு செக்‌ஷன் எடுத்தால் நரம்பு மண்டலத்தின் கட்டுமானம் மொத்தமும் அதில் இருக்கும்: நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் செல்கள் குடியிருக்கும் சாம்பல் பொருள், சுற்றிலும் இழைகள் ஏறி இறங்கும் வெண்பொருள், பின்பக்கம் உணர்வு நுழையும் வாசல், முன்பக்கம் தசைக்குக் கட்டளை புறப்படும் வாசல். பெருமூளையில் இது தலைகீழ். சாம்பல் பொருள் வெளியே, வெண்பொருள் உள்ளே.

லேபிள் இல்லாத ஸ்லைடை நீட்டி, "இது எந்த மட்டம்ப்பா?" என்பார். வெண்பொருள் தாராளமாக இருந்தால் கழுத்துப் பகுதி. உடம்பெல்லாம் இருந்து மூளைக்கு ஏறுகிற இழைகளும், மூளையிலிருந்து இறங்குகிற இழைகளும் அங்கேதான் அதிகம். சாம்பல் பொருளுக்குப் பக்கவாட்டில் சிறு கொம்பு துருத்தினால் மார்புப் பகுதி. முன்கொம்பு பருத்துச் செல்கள் பெரிது பெரிதாக இருந்தால் இடுப்புப் பகுதி. காலை அசைக்கிற செல்கள் அவை. அவற்றில் ஒன்றின் நீண்ட இழையான ஆக்சான் பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் போகும். செல்லின் உடல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

செல்லைப் பார்க்க கிரெசில் வயலெட். ஃபிரான்ஸ் நிஸ்ல் மருத்துவ மாணவராக இருந்தபோது, 1880களில் தொடங்கிவைத்த வழி. செல்லுக்குள் புரதம் செய்கிற இடங்கள் ஊதாத் திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகள் டென்ட்ரைட்டுக்குள் போகும், ஆக்சானுக்குள் போகாது. செல்லின் ஒரு மூலை வெளிறி வெறுமையாக இருந்தால் ஆக்சான் கிளம்புகிற இடம் அது. கற்றுக்கொள்கிறவர்கள் நிறம் ஏறியதை மட்டும் பார்க்கிறார்கள். ஏறாத இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஆக்சானைச் சுற்றும் உறையான மயலினுக்கு லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ. க்ளூவரும் பரேராவும் 1953இல் கொடுத்த முறை. செக்‌ஷன் வழக்கத்தைவிடத் தடிமனாக, 10 முதல் 15 மைக்ரான் வரை இருக்கலாம். சாயத்தோடு ராத்திரி முழுக்க ஓவனில் வைத்தால் காலையில் எல்லாமே நீலமாக இருக்கும். பிறகுதான் வேலை. லித்தியம் கார்பனேட்டில் சில வினாடி, பிறகு 70 சதவீத ஆல்கஹால். சாம்பல் பொருளிலிருந்து நீலம் கழன்று, வெண்பொருளில் மட்டும் நிற்க வேண்டும். பெரியவர் வினாடி எண்ணிப் பார்த்ததே இல்லை. ஸ்லைடை வெள்ளை டைல்ஸுக்கு எதிரே பிடிப்பார், மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை, மறுபடி ஒரு முக்கு. கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவார், அடுத்த கட்டத்து ஆல்கஹாலும் சிறிது நீலத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால்.

பிள்ளைகள் ரேக்கோடு பத்து ஸ்லைடையும் ஒரேயடியாக முக்குவார்கள். தடிமன் மாறினால் வேகமும் மாறும். சில ஸ்லைடில் நீலம் அதிகமாகக் கழன்றுவிடும். அங்கே மயலினே அழிந்துபோனதாகத் தெரியும், ரிப்போர்ட்டும் அப்படியே போய்விடலாம். ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். அதிகமாகிவிட்டால் தூக்கி எறியாமல் மறுபடி சாயத்தில் போடலாம்.

நீலமாகத் தெரியும் இந்த உறையைச் சுற்றுகிறவை நியூரான்கள் அல்ல, கிளியா என்ற துணைச் செல்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் ஒரே ஆலிகோடென்ட்ரோசைட் பல ஆக்சான்களுக்கு உறை போடும். வெளி நரம்பில் ஒரு ஷ்வான் செல் ஒரே ஆக்சானின் ஒரு துண்டுக்குத்தான். கிளியா எல்லாம் வெறும் பசை என்று நினைத்த காலம் போயிற்று. மனித மூளையில் நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற செல்களும் கிட்டத்தட்ட அவ்வளவே என்று 2009இல் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மடங்கு கிளியா என்று இன்னும் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனையிலும் ஒரு நியூரானின் முழு உருவம் தெரியாது. அதற்கு 1873இல் கமில்லோ கோல்ஜி எழுதிய முறை வேண்டும்: டைக்ரோமேட்டில் ஊறிய துண்டை வெள்ளி நைட்ரேட்டில் போடுவது. நூற்றில் ஒன்றிரண்டு செல் மட்டும் கிளைநுனி வரை கறுப்பாகும், தோப்பில் ஒற்றை மரத்துக்குத் தார் பூசியது மாதிரி. எல்லாம் கறுத்திருந்தால் எதுவுமே தெரியாது. பாத்திரம் துளிக்கூட அழுக்கில்லாமல் இருக்க வேண்டும். இரும்பு ஃபோர்செப்ஸ் கிட்டே வரக் கூடாது. விரல் கறுத்தால் நாளைக்குப் போய்விடாது.

கோல்ஜி இதில் இழைகள் ஒன்றோடொன்று இணைந்த வலை என்றார். கஹால் என்ற இன்னொரு ஆய்வாளர் அதே சாயத்தில், செல்கள் தனித்தனி என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது கஹாலின் கைவேலை. மயலின் இருந்தால் வெள்ளி சரியாக ஏறாது என்று கண்டு, மயலின் உருவாகாத கருவையும் குட்டியையும் எடுத்தார். ஊறவைத்ததை மறுபடி ஒரு சுற்று ஊறவைத்தார். வாதத்தில் ஜெயித்தது அந்த இரண்டாவது சுற்றால்தான் என்பேன்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்வது: ஆட்டுத் தண்டுவடம் கறிக்கடையில் கிடைக்கும். அறுத்த உடனே வாங்குங்கள், அழுத்தாமல் ஃபார்மலினில் போடுங்கள். கழுத்துத் துண்டும் இடுப்புத் துண்டும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். லேபிள் ஒட்டாமல் வெட்டிச் சாயமேற்றி, எது எந்த மட்டம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.