பம்பாய்த் தெருவின் கொல்லைப்புறம்

காஷ்மீர் சாலை, லக்னோ தெரு, பம்பாய்த் தெரு. மேற்கு பெல்ஃபாஸ்ட்டில் இந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும் இந்தியப் பயணிக்கு எந்த ஊரில் இறங்கினோம் என்று ஒரு கணம் குழம்பும். நிமிர்ந்து பார்த்தால் குழப்பம் போய்விடும். பம்பாய்த் தெரு வீடுகளின் கொல்லைப்புறத்தை அடைத்துக்கொண்டு ஒரு நெடுஞ்சுவர். மேலே விழும் கல்லைத் தடுக்க, வீடுகளின் பின்புறத்தில் கம்பிவலைக் கூண்டுகள். இந்தப் பக்கம் ஃபால்ஸ் சாலைக் கத்தோலிக்கர், அந்தப் பக்கம் ஷங்கில் சாலை புராட்டஸ்டன்ட்டுகள். 1969 ஆகஸ்டில் இந்தத் தெரு கொளுத்தப்பட்டது. அதன்பின் எழுந்த சுவர்களுக்கு 'அமைதிச் சுவர்' என்று பெயர், சிரிப்பதா அழுவதா?

இரு தரப்பும் கும்பிடுவது ஒரே கிறிஸ்துவை. சண்டை வேதத்தைப் பற்றியதல்ல. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பதுதான். மதம் அதற்கு அடையாள அட்டை. அந்தச் சண்டையில் 30 ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சமரசமே கூடாதென்று முழங்கிய புராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லியும் ஒரு போதகர்தான்.

சுவரை ஒட்டினாற்போல நிற்கிறது கிளோனார்ட் மடாலயம். அங்கிருந்த அருட்தந்தை அலெக் ரீட், அயர்லாந்தோடு சேர விரும்பிய சின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸையும் வன்முறையை வெறுத்த கத்தோலிக்க அரசியல் தலைவர் ஜான் ஹ்யூமையும் பேச வைக்க அலைந்துகொண்டிருந்தார். 1988 மார்ச் 19 அன்று, பிரிட்டனுக்கு எதிராக ஆயுதமேந்திய ஐஆர்ஏவின் உறுப்பினர் ஒருவரின் சவ ஊர்வலத்துக்குள் காரோடு சிக்கிய இரண்டு பிரிட்டிஷ் வீரர்களைக் கூட்டம் இழுத்துப்போட்டு அடித்தது. பிறகு சுட்டுக் கொன்றார்கள். தடுக்கப்போன ரீடை விரட்டிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து, மூச்சு கொடுத்துப் பார்த்து, இறுதி ஜெபம் சொன்னார். உடலருகே மண்டியிட்டிருந்த அவருடைய புகைப்படம் உலகமெங்கும் போனது. படத்தில் தெரியாதது அவர் வைத்திருந்த உறை: ஹ்யூமுக்காக சின் ஃபெய்ன் எழுதிய ஆவணம். உறையில் இரத்தக் கறை. வேறு உறையில் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்தப் பேச்சுவார்த்தை நீண்டு, 1994இல் போர்நிறுத்தம், 1998இல் புனித வெள்ளியன்று ஒப்பந்தம் என்று போனது. 2005இல் ஐஆர்ஏ ஆயுதங்களைக் கைவிட்டபோது சாட்சியாக நின்றவர்கள் இரண்டு பேர்: ரீடும், மெதடிஸ்ட் போதகர் ஹெரால்ட் குட்டும்.

ஆனால் இதைவிடக் கடினமான வேலை ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. 1981இல் கிளோனார்ட் மடாலயத்தாரும் ஃபிட்ஸ்ராய் பிரஸ்பிட்டேரியன் சபையாரும் சேர்ந்து உட்கார்ந்து வேதம் படிக்கத் தொடங்கினார்கள். ஃபிட்ஸ்ராய் போதகர் கென் நியூவெலுக்கு இதற்காகத் தன் பக்கத்திலிருந்தே திட்டு கிடைத்தது. கிளோனார்ட்டின் அருட்தந்தை ஜெரி ரெனால்ட்ஸோ ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கர் சிலரை அழைத்துக்கொண்டு புராட்டஸ்டன்ட் ஆலயங்களுக்கே போய் வழிபாட்டில் உட்கார்ந்தார். தலைவர்களின் ரகசியப் பேச்சுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இவர்கள் தெருவறிய நடந்தார்கள்.

இன்று கறுப்பு டாக்சியில் வந்திறங்கும் சுற்றுலாக்காரர்கள் சுவரில் பேனாவால் நல்வாழ்த்து எழுதிவிட்டுப் போகிறார்கள். சுவர்களையெல்லாம் 2023க்குள் எடுத்துவிடுவதாக வட அயர்லாந்து அரசு 2013இல் அறிவித்தது. பெரும்பாலானவை அப்படியே நிற்கின்றன. சில சாலைக் கதவுகளை இரவில் இன்னும் பூட்டுகிறார்கள். சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்களில் பலரே, இப்போதைக்கு இருக்கட்டும் என்கிறார்கள்.