உப்புக் காற்றில் ஒரு துவக்கு

சோளகம் கிளம்பிவிட்டது. நேற்று இரவு முழுக்கத் தென்னோலைகள் ஒரே பக்கம் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தன. இனி செப்டெம்பர் வரை இந்தக் காற்று கடலைத் தூவிக்கொண்டேயிருக்கும். விடியற்காலையில் சன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்தேன். நாலு நாள் பார்க்காமல் விட்டதற்கு இடது குழலின் மேல் பொடிப் பொடியாகக் கறள். விரலால் தேய்த்தால் போகிறது. இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் போயிருக்காது.

*

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். எங்கள் கரையில் இரவுகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆக, இரும்பில் ஒட்டிய ஒரு உப்புத் துணிக்கை பகலில் காய்ந்து கிடக்கிறது, இரவில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீராகிறது. மழை வரவேண்டியதில்லை, யாரும் நனைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள், அலுமாரிக்குள், உறைக்குள் இருந்தபடியே கறள் ஏறும்.

உறை என்று எழுதியதும் ஞாபகம் வருகிறது. தோல் உறையில் போட்டு வைப்பதைவிடச் சும்மா ஆணியில் தொங்கவிடுவது நல்லது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து இரும்புக்குக் கொடுக்கும். சாக்கும் அப்படித்தான். வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பழைய ஆட்கள் அடுப்பங்கரைப் பரணில் செருகி வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது. அங்கே எப்போதும் வெக்கை.

*

இது வாப்பாவின் துவக்கு. 12 போர், இரட்டைக்குழல், பர்மிங்காம் வேலை. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் வாய்: 18.5 மில்லிமீற்றர். குழலின் அடியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கின்றன. 1813இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைச்சாலையில், வழக்கத்தைவிடக் கூடுதலான மருந்து போட்டு வெடிக்க வைத்து, குழல் தாங்கினால்தான் அந்த முத்திரையைக் குத்துவார்கள். அந்த முத்திரைகளுக்குள்தான் தோட்டாவின் நீளமும் இருக்கிறது. இரண்டரை அங்குலம்.

இதைத் தெரியாமல் பழைய துவக்கைக் கையில் எடுக்கக்கூடாது. இப்போது கிடைக்கும் தோட்டாக்களில் அநேகம் இரண்டே முக்கால் அங்குலம், 70 மில்லிமீற்றர். அது இரண்டரை அங்குல அறைக்குள் எந்தத் தடையுமில்லாமல் நுழையும், ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வெடித்துத் திறந்த பின் உள்ள நீளம். வெடிக்கும்போது மடிப்பு விரியும், விரிய இடமில்லாமல் குழலின் ஒடுக்கத்துக்குள் போய் அடைக்கும், அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே, சரிதானே என்று நினைப்பவர்கள்தான் விரலை இழக்கிறார்கள்.

*

சின்ன வயதில் எனக்கு விளங்காத காரியம் ஒன்று. எலுவன்குளத்துக் காணியில் பன்றிக்கு வெடி வைத்துவிட்டு வந்த இரவு எந்நேரமானாலும் வாப்பா கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைப்பார். குழலைக் கழற்றி, முற்றத்தில் சாய்த்துப் பிடித்து, கொதிநீரைப் புனல் வைத்து உள்ளே ஊற்றுவார். உம்மா ஒருமுறை கேட்டா, "இரும்புக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" வாப்பா பதில் சொல்லவில்லை. ஊற்றி முடித்து, குழலின் சூடே அதைக் காயவைக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் எண்ணெய்ச் சீலை போடுவார்.

பல வருடம் கழித்துத்தான் அதன் காரணத்தை அறிந்தேன். அந்தக் காலத்துத் தோட்டாக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது வெடித்தால் பொட்டாசியம் குளோரைட்டாக மாறும். அதுவும் உப்புத்தான், கடலுப்பின் தம்பி. எண்ணெயில் கரையாது. எண்ணெயை எவ்வளவு பூசினாலும் அதன் அடியில் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். தண்ணீர் மட்டுமே அதைக் கழுவும். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் சினொக்சிட், அமெரிக்காவில் ரெமிங்டனின் கிளீன்போர் என்று குளோரேற்று இல்லாத கேப்புகள் வந்தன. பழைய சரக்கு தீர்ந்து இந்தக் காணிகள் வரை அவை வந்துசேர எத்தனை காலம் எடுத்ததோ, வாப்பாவின் கைப்பழக்கம் மட்டும் மாறவில்லை.

இப்போதைய தோட்டாவுக்குக் கொதிநீர் தேவையில்லை. ஆனாலும் நான் ஊற்றுகிறேன். களப்பு ஓரமாக நடந்து வந்த துவக்கின் வெளிப்பக்கத்துக்கும் அதே கேத்தல் தண்ணீர்தான். உப்பை எண்ணெய் மூடும், தண்ணீர்தான் எடுக்கும். எடுத்த பிறகு மூடவேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண்.

*

எண்ணெய். தென்னை நாட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் என்று ஆகிவிட்டது. அவசரத்துக்குப் பழுதில்லை. ஆளிவிதை எண்ணெய் போல அது பிசினாக இறுகாது. ஆனால் காறிப்போனால் புளிப்பு ஏறும். பித்தளையில் பச்சை பூக்கும், இரும்பின் இடுக்குகளில் நாற்றம் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் மெல்லியது. உள்வேலைக்கு நல்லது, உப்புக் காற்றுக்கு நிற்காது. வெளியே தடவ நான் வைத்திருப்பது மெல்லிய கிறீஸ், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. நிறையப் பூசுகிறவன் நிறையப் பாதுகாக்கிறான் என்பது பொய். பூசிய எண்ணெய் ஊர்ந்து கீழே இறங்கும். துவக்கைப் பிடங்கு கீழே வைத்து நிறுத்தினால் மரத்துக்குள் போய்ச் சேரும். எண்ணெய் குடித்த வாதுமை மரம் பஞ்சாகும். இரும்பும் மரமும் சேரும் இடத்தில் வெடிப்பு விழுவது அப்படித்தான். வாய் கீழே, பிடங்கு மேலே வைத்துத்தான் நிறுத்தவேண்டும்.

*

சிலாபத்துப் பாஸ் இப்போது இல்லை. கத்தோலிக்க சிங்களவர். அந்தக் கரையில் பலரைப்போலத் தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுவார். அனுமதிப்பத்திரம் வைத்துத் துவக்குத் திருத்தியவர். அவரிடம் போனால் முதலில் திருத்தமாட்டார், கேட்பார். குழல்களை மட்டும் கழற்றி, கொக்கியில் ஒரு நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுவார். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தால் தலையாட்டுவார். 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஈரம் போய், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அரிக்கும்.

பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துவக்கைப் பிடங்கில் பிடித்து மெதுவாக ஆட்டுவார். கீல் ஆணி தேய்ந்திருந்தால் கைக்குத் தெரியும். கடைசியாக விளக்கைப் பார்த்துப் பிடிப்பார். குழலின் பின்முகத்துக்கும் துவக்கின் உடலுக்கும் நடுவே வெளிச்சம் வரக்கூடாது. "தம்பி, இதுல ஒரு சிகரெட் தாள் போனாலும் நான் வெடி வைக்கமாட்டேன்" என்பார்.

குழலின் கருமையைப் பற்றி அவர்தான் சொன்னார். அது பூச்சு இல்லை. இரும்பையே ஒரு கரைசல் தடவிக் கறள்பிடிக்க விட்டு, தண்ணீரில் கொதிக்க வைத்து அந்தச் சிவப்பைக் கறுப்பாக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி கறள், மறுபடி கொதிநீர் என்று பல நாள் செய்வது. நல்ல கறள் மேலே இருந்தால் கெட்ட கறள் தாமதிக்கும். மணல் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு முகம் மாறிவிடும்.

*

பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் ஒரு பழைய பிரௌனிங் ஓட்டோமேட்டிக் இருந்தது. ஜோன் பிரௌனிங் 1900இல் காப்புரிமை எடுத்து, பெல்ஜியத்தில் எஃப்.என். தொழிற்சாலை 1903 முதல் விற்ற வகை. வெடித்தவுடன் குழலே பின்னால் ஓடும், போல்ட்டையும் கூட்டிக்கொண்டு. வெற்றுக் கோது வெளியே விழ, அடுத்தது தானாக ஏறும். குழல் ஓடுவதைப் பிடித்து நிறுத்துவது ஒரு சுருள்வில்லும், தோட்டாக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வெண்கல வளையமும். பாரமான தோட்டாவுக்கு வளையத்தை ஒரு மாதிரி அடுக்கவேண்டும், இலேசானதுக்கு வேறு மாதிரி.

அதில் வந்த பழுது, கைநிறைய எண்ணெய். கடற்காற்று என்று பயந்து காவலாளி தோட்டாக் குழாயில் வழிய வழியப் பூசியிருக்கிறார். வளையம் பிடிக்காமல் வழுக்கியது. குழல் முழு வேகத்தில் பின்னால் போய் மோத, முன்கட்டை பிளந்தது. துடைத்துவிட்டு, விரலில் ஒட்டுகிற அளவு மட்டும் விட்டதும் ஒழுங்காக ஓடியது. ஆனால் ஒழுங்காக எண்ணெய் போட்டாலும் அந்த வகை எங்கள் மண்ணுக்குக் கஷ்டம். உறுப்புகள் அதிகம். ஒவ்வொரு இடுக்கிலும் மணல், மணலோடு உப்பு. அதைப் பிரித்துச் சேர்க்கப் பொறுமையுள்ளவனிடம்தான் அது இருக்கவேண்டும். இரட்டைக்குழலில் ஒளிக்க இடமில்லை. திறந்தால் எல்லாம் தெரியும்.

*

கடலே இல்லாத இடத்திலும் உப்பு துவக்கைத் தின்ற கதை ஒன்று உண்டு. 1960களின் பிற்பகுதியில் வாதுமைக் கட்டைகளைச் சீக்கிரம் பதப்படுத்த உப்பைப் பயன்படுத்தினார்கள். அந்த மரம் பிரௌனிங் நிறுவனத்தின் விலை கூடிய துவக்குகளுக்கும், புதிதாக வந்த அரைத்தானியங்கி வேட்டை ரைபிள்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சில வருடத்தில், மரம் தொடும் இடமெல்லாம் உள்ளிருந்து கறள். எவ்வளவு துடைத்தாலும் நிற்காது, ஏனென்றால் கறள் மரத்திலிருந்து வருகிறது. கட்டையையே மாற்றவேண்டியிருந்தது. சந்தேகமுள்ள கட்டையின் பூச்சில்லாத உட்பக்கத்தில் சில்வர் நைத்திரேற்று ஒரு துளி வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளையாகத் திரிந்தால் உப்பு. நாங்கள் ஓ/எல் விஞ்ஞானத்தில் குளோரைட்டுக்குச் செய்த அதே சோதனை.

இதைப் படித்த அன்று வாப்பாவின் துவக்குப் பிடங்கை முகர்ந்து பார்த்தேன். அவருடைய கை வேர்வையும் அதில் உப்பாக இருக்கிறதே என்று தோன்றியது. அதைத் துடைக்க மனம் வரவில்லை. இரும்பை மட்டும் துடைத்தேன்.

*

குளவி. இது மறக்கக்கூடாத குறிப்பு. சுவரில் மண்கூடு கட்டும் குளவிக்கு 12 போர் குழல் நல்ல வீடு. ஒரு மாதம் எடுக்காமல் வைத்த துவக்கின் உள்ளே, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், களிமண் அடைப்பு. அதோடு வெடித்தால் குழல் அந்த இடத்தில் வீங்கும், அல்லது வாழைத்தோல் போலக் கிழியும். தோட்டா போடுமுன் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். வாயில் சீலைத் துண்டை அடைத்து வைப்பது இன்னும் மோசம், எடுக்க மறந்துபோகும்.

*

பன்றி பாதுகாக்கப்பட்ட மிருகமல்ல, யானை அப்படியல்ல. வில்பத்துவின் எல்லைக்கு இந்தப் பக்கம் காணி வைத்திருக்கிற எவருக்கும் இரண்டும் ஒரே இரவில் வரும். வாப்பா இரண்டு குழலிலும் ஒருபோதும் ஒரேநேரம் தோட்டா போட்டதில்லை. யானைக்கு மேலே வானத்தைப் பார்த்து ஒரு வெடி, சத்தத்துக்கு மட்டும். பன்றியைச் சுட்டால், எங்களுக்கு அது ஆகாது என்பதால், பக்கத்துக் காணிக்காரர் வந்து எடுத்துப்போவார்.

அவர் கடுமையாக வெறுத்தது கட்டுத்துவக்கு. பாதையில் கட்டி வைத்துவிட்டு வீட்டில் தூங்குவது. அதற்குப் பன்றியும் ஒன்று, விறகு பொறுக்க வரும் பிள்ளையும் ஒன்று. அந்தக் காயங்கள் அநேகமாகக் காலில்தான் விழும். சட்டவிரோதம் என்பதைத் தாண்டி, துவக்கை விட்டுவிட்டுப் போவது என்பதே அவருக்குத் தாங்கமுடியாத காரியம்.

*

அவர் மவுத்தான பிறகு துவக்கை ஒப்படைத்தோம். என் பெயருக்கு அனுமதி கிடைத்துத் திரும்ப வாங்க ஒன்றரை வருடம் ஆனது. வைத்திருந்த இடத்தில் யாரும் ஒருமுறைகூடத் துடைக்கவில்லை. குழலின் உள்ளே அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள், விசை இறுகிப்போயிருந்தது, இடது குழலில் எதிலோ இடிபட்ட ஒரு நசுக்கம். அதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. 1971 ஏப்ரலிலும் 1980களின் கடைசியிலும் கிளர்ச்சிக்காரர்கள் வீடு வீடாகப் பறித்தது இப்படிப்பட்ட தோட்டத் துவக்குகளைத்தான். அதிகாரிகள் கவனமாக இருப்பதன் நியாயம் விளங்குகிறது. நானும் முன்கட்டையை வேறு, குழலை வேறு என்று தனித்தனியாகப் பூட்டி வைக்கிறேன். ஆனால் பூட்டி வைத்தால் மட்டும் இரும்பு பிழைக்காது.

பாஸ் அப்போது உயிரோடு இருந்தார். விசையைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சரிசெய்தார். நசுக்கத்தை உள்ளிருந்து குழவி வைத்துத் தூக்கலாம், ஆனால் அந்த இடத்தில் பள்ளம் ஆழம், தூக்கும்போது இரும்பு மெலியும் என்றார். நான் காசைப் பற்றி யோசிக்கவேண்டாம் என்றேன். அவர் துவக்கைச் சீலையில் சுற்றி என் கையில் தந்தார். "வலது குழல் போதும் தம்பி."

*

டிசம்பர் 31க்குள் அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். ஒக்டோபரிலேயே கச்சேரிக்குப் போய்வருவது நல்லது, கடைசிக் கிழமையில் வரிசை நீளம். அதற்குமுன் இடது குழலை ஒருமுறை கழுவவேண்டும். அதில் வெடி வைத்து ஒன்பது வருடமாகிறது. ஒவ்வொரு வெள்ளியும் இரண்டையும்தான் துடைக்கிறேன்.