கணுக்காலும் 272 படிகளும்

திங்கள்

எலும்பு மருத்துவரிடம் போனேன். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் மூட்டின் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சரியாகத் தெரியுமாம். 2004-இல் ஃபெடரல் ஹைவேயில் மோட்டாரிலிருந்து விழுந்து உடைந்த அதே வலக் கணுக்கால்தான். "வயசாயிடுச்சு" என்று தாமானில் எல்லாரும் சொல்வதை மருத்துவர் ஏற்கவில்லை. முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதை ஒட்டி வருவது. கணுக்காலில் அப்படி இல்லை. பத்துப் பேருக்குத் தேய்ந்தால், ஏழு பேருக்காவது பழைய முறிவோ கடுமையான சுளுக்கோ பின்னணியில் இருக்கும்.

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 1976-இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் இறந்தவர்களின் கால்களை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். கணுக்கால் எலும்பு வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, மூட்டில் எலும்போடு எலும்பு பொருந்தும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் சுருங்கிவிடுகிறது. முன்பு அகலமாகப் பரவிய பாரம் முழுவதும் ஒரு சிறு இடத்தில் இறங்குகிறது. வருடக்கணக்கில் அப்படி நடந்தால் குருத்தெலும்பு என்ன ஆகும்!

ஃபெடரல் ஹைவேயில் மோட்டாருக்கென்றே தனிப் பாதை 1970களிலிருந்து இருக்கிறது. தினமும் காலையில் கிள்ளானிலிருந்து அதில் வரும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களில் யாராவது விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டால், கட்டுப் பிரிக்கும் நாளிலேயே சொல்ல வேண்டும்: எலும்பு கூடிவிட்டது, ஆனால் பத்து இருபது வருடம் கழித்தும் இந்த மூட்டு வலிக்கலாம், எடை கூடாமல் பார்த்துக்கொள், கெண்டைக்காலை வலுவாக வைத்துக்கொள் என்று.

வியாழன்

பிசியோ. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுவது, ஒற்றைக்காலில் நிற்பது. நடையைக் குறைத்து, பதிலுக்கு நீச்சலோ சைக்கிளோ பழகச் சொன்னார். பயிற்சிக்குப் பின் வரும் வலி மறுநாளுக்குள் தணிந்தால் பரவாயில்லை. தணியாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். ஊன்றுகோலை இடக்கையில் பிடிக்க வேண்டும், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம். வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சப்பாத்தின் அடிப்பாகம் தடித்து, முன்னால் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போது சப்பாத்தே உருண்டுகொடுக்கும், கணுக்கால் அதிகம் மடங்க வேண்டியதில்லை.

சனி

தம்பி பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்தான். "அக்கா, தைப்பூசத்துக்கு மெதுவா ஏறிடலாம், நான் பிடிச்சுக்கிறேன்." பத்துமலையில் 272 படி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கணுக்கால் அதிகமாக முன்னால் மடங்க வேண்டும். என் மூட்டு அங்கேதான் நின்றுவிடுகிறது. அதை அவனுக்குப் படியில் நின்றே காட்டினேன். அதனால் இந்த வருடம் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலில் வெள்ளி ரதம் புறப்படுவதைப் பார்ப்பதென்று முடிவானது.

அறுவை சிகிச்சை பற்றியும் கேட்டான். ஒன்று, எலும்புகளை இணைத்துவிடுவது: அசைவு போகும், வலி பெருமளவு அடங்கும், ஆனால் பக்கத்து மூட்டுகள் கூடுதல் பாரம் சுமக்கும். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவதும் சிரமம். இன்னொன்று செயற்கை மூட்டு: அசைவு மிஞ்சும், பிற்பாடு தேய்ந்தால் மறுபடி கத்தி. தம்பிக்குக் கால்பந்து வீரர் மார்க்கோ வான் பாஸ்டன் என்றால் உயிர். கணுக்கால் காயத்தால் அவர் தன் கடைசி ஆட்டத்தை 28 வயதில், 1993-இலேயே ஆடி முடித்துவிட்டார். எனக்கு இப்போதைக்குப் பயிற்சியும் சப்பாத்தும் போதும் என்கிறார் மருத்துவர்.

ஞாயிறு

எதிர்வீட்டு அக்காவின் பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது. வலி அவ்வளவாக இல்லையாம். "உனக்குக் கொடுத்த மாத்திரையில ரெண்டு குடு" என்றார். கொடுக்கவில்லை. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 சதவீதத்தினருக்கு அது உண்டு. வலி நிவாரணி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதைவிட முக்கியம், உணர்ச்சி மரத்த பாதத்தில் எலும்புகள் வலியே தெரியாமல் நொறுங்கும் சார்க்கோ என்ற நிலை இப்படித்தான் தொடங்கும். நடக்க நடக்கப் பாதம் உருக்குலைந்துவிடும். காலைத் தரையில் ஊன்றாமல் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் மகனுக்குப் போன் போட்டேன். வண்டியோடு வந்துகொண்டிருக்கிறான், இன்றே மருத்துவமனைக்குப் போகிறோம்.